பதினாறு வாரம் வரை வாசல் மூடியே இருக்கட்டும்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் பூனைக்குட்டி வந்தாலும் கொஞ்ச நாளில் என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும். "ஊசி போட்டாச்சுக்கா, இனிமே வெளியே விடலாமா?" எத்தனையாவது தடுப்பூசி, குட்டிக்கு எத்தனை வாரம் என்று கேட்பேன். முதல் ஊசி என்பார்கள். வாரக் கணக்கு பெரும்பாலும் தெரியாது. இப்போதைக்கு விட வேண்டாம் என்பேன். "பின்னே எதுக்கு ஊசி?" என்று முகம் வாடிப்போகும். நியாயமான கேள்விதான். வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் எழுதியே வைக்கிறேன்.

எனக்கு இந்த விஷயம் புரிந்தது என் தங்கை வீட்டுக் குட்டி வழியாக. அவள் தாம்பரத்தில் இருக்கிறாள். வெள்ளையும் சாம்பலும் கலந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்தாள். எட்டாவது வாரத்தில் மருத்துவரிடம் கொண்டுபோய் முதல் ஊசி போட்டாள், அட்டையும் வாங்கி வைத்தாள். ஊசி போட்ட குட்டிதானே என்று மொட்டைமாடிக்கு விட்டாள். பக்கத்து வீட்டு மாடிகளிலிருந்து தெருப்பூனைகள் தாண்டி வந்து போகிற இடம் அது. பதினொன்றாவது வாரத்தில் குட்டி சாப்பாட்டை விட்டது. பிறகு வாந்தி, முதலில் சாப்பிட்டது, அப்புறம் மஞ்சள் நுரை. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததாம், ஆனால் ஒரு வாய் குடிக்கவில்லை. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. டிரிப்ஸ் ஏற்றினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

"ஊசி போட்டும் எப்படி டாக்டர்?" என்று தங்கை அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதிலை எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னாள்: "ஊசியில கோளாறு இல்லம்மா. தாய்ப்பால் கொடுத்த காப்பு அந்த ஊசியை வேலை செய்ய விடாம தடுத்திருக்கும்." ஒரு குட்டிக்கு எதற்கு மூன்று ஊசி என்பதற்கான காரணம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் பொருட்கள் நிறைய இருக்கும். தாய் எந்தெந்த நோயைக் கடந்து வந்ததோ, எதற்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டதோ, அவற்றுக்கான காப்பு அந்தப் பாலோடு குட்டிக்கு வந்துவிடுகிறது. முதல் சில வாரங்கள் குட்டி பிழைத்துக் கிடப்பது அதனால்தான். ஆனால் அந்தக் காப்புக்குத் தெருவில் இருக்கும் வைரஸ் எது, ஊசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸ் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோல அழிக்கும். ஊசி மருந்து அழிந்துபோனால் குட்டியின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. இந்தத் தாய்க்காப்பு சில குட்டிகளுக்கு எட்டு வாரத்தில் கரைந்துவிடும், சில குட்டிகளுக்குப் பதினாறு வாரம் வரை மிச்சம் இருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கே வித்தியாசப்படலாம். கொதிக்கிற பாலில் உறைமோர் விட்டால் தயிர் ஆகாது. பால் எப்போது ஆறியது என்று தொட்டுப் பார்க்க வழியில்லை என்றால், இடைவெளி விட்டு மறுபடி மறுபடி உறை ஊற்றுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? ஊசி அட்டவணையும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தாய்க்காப்பு தேய்ந்துகொண்டே வரும்போது நடுவில் சில வாரங்கள், தெரு வைரஸைத் தடுக்கும் அளவுக்கு அதில் தெம்பு இருக்காது, ஆனால் ஊசியைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும். தங்கையின் குட்டி அந்த இடைவெளியில்தான் மாட்டியிருக்க வேண்டும். முதல் ஊசி போட்ட கையோடு வெளியே விடுவது ஆபத்து என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆகும் வரை திரும்பப் போடச் சொல்கிறது. கடைசி ஊசி பதினாறு வாரத்துக்கு முன்னால் முடிந்துவிடக் கூடாது என்பதுதான் அதில் முக்கியம். எட்டிலும் பன்னிரண்டிலும் இரண்டு ஊசி போட்டு "கோர்ஸ் முடிந்தது" என்று அட்டையில் எழுதித் தருகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே பதினாறாவது வார ஊசியைக் கேட்டு வாங்குங்கள்.

ஊசியில் என்ன இருக்கிறது என்றும் தெரிந்திருக்கட்டும். நம் ஊரில் டிரைகேட் என்று சொல்வது மூன்று நோய்களுக்குச் சேர்ந்த ஊசி. இரண்டு நோய்கள் சளி வகை: ஹெர்பிஸ் வைரஸ், கேலிசி வைரஸ். கண்ணில் பீளை, மூக்கடைப்பு, வாயில் புண் எல்லாம் இவற்றின் வேலை. ஊசி போட்டாலும் இவை வரலாம், வந்தால் லேசாகப் போகும். மூன்றாவதுதான் குட்டிகளைக் கொல்வது: பான்லுகோபீனியா. தங்கையின் குட்டியைக் கொண்டுபோனதும் இதுதான். நாய்களுக்கு வரும் பார்வோவின் உறவு இது. 1970களின் இறுதியில் நாய்களைத் தாக்கத் தொடங்கிய பார்வோ வைரஸ், இந்தப் பூனை வைரஸை ஒத்த ஒன்றிலிருந்துதான் கிளைத்தது. இன்று நாய்களிடம் சுற்றும் பார்வோ வகைகள் பூனைகளையும் தொற்றக்கூடியவை. அதனால் தெருவில் ஏதாவது நாய்க்குட்டி பார்வோவில் செத்தது என்று கேள்விப்பட்டால் பூனைக்குட்டி வைத்திருப்பவர்களும் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பான்லுகோபீனியாவுக்கு ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. தாய்க்காப்பு கரைந்த பிறகு ஒரு ஊசி பிடித்துக்கொண்டால் போதும், பல வருடம் நிற்கும்.

அந்த வைரஸின் கெட்ட குணம், அது சாவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நீடிப்பது. நிழலான இடத்தில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். நோயுற்ற பூனையின் மலத்தில், வாந்தியில் வெளியே வந்து மண்ணில் கலந்து, நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். வெளியே விடவே இல்லை, அப்புறம் எதற்கு ஊசி என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. குட்டி வெளியே போகாவிட்டாலும் நாம் போய்விட்டு வருகிறோமே.

எங்கள் வீடு திருச்சியில், சுற்றுச்சுவர் உள்ள தனி வீடு. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் பழைய சாக்குகள் மேல் ஒரு தெருப்பூனை குட்டி போட்டது. அதில் இரண்டை நாங்கள் வைத்துக்கொண்டோம், கருப்பி, மணி என்று பெயர். மற்றதைத் தெரிந்த குடும்பம் எடுத்துக்கொண்டது. தங்கை வீட்டில் நடந்ததைக் கேட்டிருந்ததால் நான் வீட்டில் சில ஏற்பாடுகளைச் செய்தேன். செருப்பு அடுக்கும் பலகையை வாசல்படிக்குள்ளிருந்து திண்ணைக்கு மாற்றினேன். நம் வீடுகளில் செருப்பை வாசலில் விடுவது வழக்கம்தான், ஆனால் குட்டிகளுக்கு அந்தச் செருப்புக் குவியல்தான் முதல் விளையாட்டு மைதானம். தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கும் தட்டைப் பின்பக்கச் சுவர் ஓரம் தள்ளி வைத்தேன். அதைத் தொட்டு வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குட்டிகளைத் தூக்குவதில்லை. பள்ளி விட்டு வரும் பையன் வழியில் பார்க்கிற பூனையை எல்லாம் கொஞ்சிவிட்டு வருவான், அவனுக்கும் அதே சட்டம்.

என் மாமியாருக்கு இதெல்லாம் அதிகப்படி என்று பட்டது. "தெருப்பூனைக்கு யாரு ஊசி போட்டா? அது பாட்டுக்கு நல்லாத்தானே சுத்துது?" என்றார். "அத்தை, அது போன வருஷம் போட்ட குட்டியில எத்தனை பிழைச்சுது சொல்லுங்க" என்றேன். அவருக்கே தெரியும். எங்கள் கிணற்றடியில் போட்ட குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதைப் பார்த்து வருத்தப்பட்டவர் அவர்தான். தெருவில் நாம் பார்க்கிற பூனைகள் எல்லாம் பிழைத்தவை. பிழைக்காதவை கண்ணில் படுவதில்லை. அதன் பிறகு குட்டிகள் வாசலுக்கு ஓடினால் முதலில் கதவைச் சாத்துவது அத்தைதான்.

வாரக் கணக்கை எப்படித் தெரிந்துகொள்வது என்பது தெருவிலிருந்து எடுத்த குட்டிகளுக்குப் பெரிய பிரச்சினை. எங்களுடையவை பிறந்த நாள் தெரிந்தவை, ஆனால் நான் பிறருக்கு உதவும்போது பல்லைத்தான் பார்க்கிறேன். முன் பற்கள் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கின்றன. பால் பற்கள் எல்லாம் வந்திருந்தால் எட்டு வாரத்தைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணின் நீலம் மாறத் தொடங்குவது ஆறு ஏழு வாரத்தில். இன்னொரு அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது: முன்பக்கப் பால் பற்கள் விழுந்து புதியவை வரத் தொடங்குவது மூன்றரை, நான்கு மாத வாக்கில். அதாவது தரையில் அரிசிக் குருணை மாதிரி ஒரு குட்டிப் பல் கிடந்தால், பதினாறு வாரம் நெருங்கிவிட்டது. எடையை நம்பாதீர்கள், தெருக்குட்டிகள் பூச்சித் தொல்லையால் இளைத்துக் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் வயதைக் குறைத்தே கணக்கிடுங்கள். ஒரு ஊசி கூடுதலாக விழுந்தால் குட்டிக்குக் கெடுதல் இல்லை, முன்கூட்டியே நிறுத்துவதுதான் கெடுதல்.

ஊசிக்கு முன்னால் குடற்புழு மருந்து. வயிறு உப்பி முதுகெலும்பு தெரிகிற குட்டிக்கு அதுதான் முதல் வேலை. எடை பார்த்து மருத்துவர் அளவு சொல்வார், குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் கொடுத்தோம். தெள்ளுப்பூச்சி இருந்தால் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது நஞ்சு, வலிப்பு வந்துவிடும். காய்ச்சலாக இருக்கிறது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு கொடுப்பதும் அப்படியே, அந்தத் துண்டே உயிரை எடுக்கும். அவசரமாகச் சொல்ல வேண்டியவை என்பதால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

முதல் ஊசி நாள். மருத்துவமனையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று தங்கையும் நானும் சேர்ந்து யோசித்து வைத்திருந்தோம். கூடையைத் தரையில் வைக்கவில்லை. நோய்வாய்ப்பட்ட நாய்களும் பூனைகளும் வந்து போகிற தரை அது. மடியிலேயே வைத்து மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டேன், நாய்களைப் பார்க்காததால் குட்டிகளும் கத்தவில்லை. முடிந்தால் கூட்டம் இல்லாத நேரமாகப் பேசி வைத்துக்கொண்டு போங்கள். மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வெளியே மருந்துக்கடையில் வாங்கி வரச் சொன்னால் ஐஸ் பையில் வைத்துத் தரக் கேளுங்கள், சித்திரை வெயிலில் ஆட்டோவில் சும்மா கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். டிரைகேட் மருந்து காய்ந்த பொடியாக ஒரு குப்பியிலும் கலக்கும் நீர் இன்னொரு குப்பியிலும் வரும், போடும் முன்புதான் கலப்பார்கள். குப்பியின் ஒட்டுத்தாளை அட்டையில் ஒட்டச் சொல்லி, காலாவதித் தேதியையும் பார்த்துக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர், "குட்டி சின்னதுதானே, ஒரு ஊசியை ரெண்டா பிரிச்சுப் போடலாமா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் ஒரு ஊசி ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகிறது, இரண்டு குட்டிக்கு மூன்று தடவை என்றால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கனமான செலவுதான். அவர் கேட்டதில் தப்பில்லை. மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: காய்ச்சல் மருந்தைப் போல எடைக்கு ஏற்ற அளவு என்பது தடுப்பூசிக்குக் கிடையாது. உடம்பைத் தூண்டிவிடத் தேவையான குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு, அது குட்டிக்கும் பெரிய பூனைக்கும் ஒன்றே. பாதி போட்டால் பாதிக் காப்பு வராது, காப்பே வராமல் போகலாம். பணம் முடையாக இருந்தால் இரண்டு குட்டி எடுக்க நினைத்த இடத்தில் ஒன்றை எடுத்து முழுசாக ஊசி போடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஊசியைக் காலில் போடச் சொல்லி நான் கேட்டேன். பிடரியில் போடுவது பழைய பழக்கம். மிக அரிதாக ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து புற்றாக மாறுவது பூனைகளிடம் உண்டு. கால் என்றால் அதைச் சமாளிக்க வழியிருக்கும். ஊசிக்குப் பிறகு சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுவது சாதாரணம், தானே கரையும். மூன்று மாதம் கழித்தும் இருந்தால், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால், அல்லது ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தால் காட்டிவிட வேண்டும். போட்டு முடித்ததும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முகம் வீங்குவது, திடீர் வாந்தி, மூச்சு வாங்குவது போன்ற ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடும், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது வருவது நல்லது. எங்கள் மணி அன்று சாயங்காலம் முழுக்கத் தூங்கினான், மறுநாள் மத்தியானம் வரை மந்தமாக இருந்தான், அப்புறம் திரைச்சீலையில் ஏறிவிட்டான். ஒரு நாள், இரண்டு நாள் மந்தம் சரி. அதற்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் ஊசியின் மேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாது, வேறு நோயாக இருக்கலாம்.

ரேபிஸ் ஊசி தனி. பன்னிரண்டு வாரம் ஆன பிறகுதான் போடுவார்கள், ஒரு வருடத்தில் திரும்பவும், பிறகு மருந்தின் குறிப்புப்படியும். எங்களுக்குப் பன்னிரண்டாவது வார டிரைகேட்டோடு அன்றே இன்னொரு காலில் போட்டார் மருத்துவர். அரசு கால்நடை மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி கிடைக்கும், ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம் ஆகியவற்றை ஒட்டி இலவச முகாம்களும் நடக்கும். அங்கே டிரைகேட்டும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் ஊசி போட்டுவிட்டு எல்லா நோய்க்கும் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பான்லுகோபீனியாவுக்கு ஒன்றும் செய்யாது.

ரேபிஸ் விஷயத்தில் நம்மையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். குட்டிகளின் தாயைப் பிடிக்கப் போனபோது என் கணவரின் கையை அது கீறி ரத்தம் வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினார். அத்தை காப்பித்தூளை எடுத்து வந்தார், வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்தேன். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அந்தக் காயத்தில் படக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனார், தோலுக்குள் போடும் ஊசியை அன்றும், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாளும் இலவசமாகவே போட்டார்கள். பூனைக் கீறல்தானே என்று விடக் கூடாத விஷயம். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

இந்த வாரங்கள் முழுக்க வீட்டுக்குள் என்றால் குட்டி ஏங்கிப்போகாதா என்று கேட்பார்கள். ஏங்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. பிறந்து இரண்டிலிருந்து ஏழெட்டு வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம், மிக்சி சத்தம், அழைப்பு மணி, வெவ்வேறு ஆட்களின் கை எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே பழக்கிவிடலாம். முன் அறை ஜன்னலில் கொசுவலைக்குப் பதில் கம்பி வலை அடித்தோம், நைலான் வலையை அவை ஒரே வாரத்தில் கிழித்துவிடும். அந்த ஜன்னல் திட்டில் உட்கார்ந்து அணிலைப் பார்த்துக்கொண்டே இரண்டும் பொழுதைக் கழித்தன. மணல் தட்டைத் தினமும் மாற்றினோம். வெளியிலிருந்து மணல் அள்ளி வரவில்லை, தெருப்பூனைகள் கழித்த மணலாக இருந்தால் அத்தனை காவலும் வீண். தரை துடைக்கக் கருப்பு பினாயிலையும் டெட்டால் வகைகளையும் நிறுத்திவிட்டோம், நக்கிச் சுத்தம் செய்யும் பிராணிக்கு அவை உள்ளே போய்விடும். வைரஸ் பயம் உள்ள இடத்துக்கு, சோப்பால் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி திரவ பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசிக் காயவைத்த பிறகே குட்டியை விடலாம். கைக்குத் தேய்க்கும் சானிடைசர் இந்த வைரஸிடம் எடுபடாது.

சரி, பதினாறாவது வார ஊசியும் முடிந்தது. அன்று சாயங்காலமே கதவைத் திறந்துவிடலாமா? இல்லை. உடம்பு காப்பை உருவாக்க இரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும். ரேபிஸ் ஊசிக்கு ஏறக்குறைய நான்கு வாரம், எங்களுக்குப் பன்னிரண்டிலேயே போட்டதால் அதுவும் அதற்குள் அடங்கிவிட்டது. ஆக, நோயை மட்டும் கணக்கில் எடுத்தால் பதினெட்டு வாரம்.

ஆனால் நான் பதினெட்டிலும் விடவில்லை. பெண் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். கதவைத் திறந்தால் அடுத்த ஒன்பது வாரத்தில் வீட்டில் இன்னொரு ஈற்று. ஆண் குட்டி கடுவன்களோடு சண்டை போடத் தொடங்கும். சண்டைக் கடியில் பரவி எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸுக்கு இங்கே யாரும் ஊசி போடுவதில்லை, காப்பு என்பது சண்டையைத் தவிர்ப்பது மட்டும்தான். பூனை லுகீமியா வைரஸுக்கு ஊசி உண்டு, வெளியே போகும் இளம் பூனைகளுக்கு அதையும் போடச் சொல்கிறது மேலே சொன்ன வழிகாட்டுதல். எங்கள் மருத்துவரிடம் அது இல்லை. உங்கள் ஊரில் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். அதனால் ஐந்து மாதத்தில் இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்தோம், தையல் ஆறும் வரை உள்ளேயே வைத்திருந்தோம். தாய்ப்பூனைக்கும், குட்டிகள் பால் மறந்த பிறகு, ஊசி போட்டுக் கருத்தடை செய்துவிட்டோம். அது வளாகத்திலேயே திரிவதால் அதுவும் எங்கள் பொறுப்புதான்.

வெளியே பழக்கியதை அவசரமில்லாமல் செய்தோம். சாப்பாட்டுக்கு முன்னால், பசியோடு இருக்கும் நேரத்தில் விட்டால்தான் கூப்பிட்டால் திரும்பி வரும். உலர்தீனி டப்பாவை ஆட்டினால் வரவேண்டும் என்பதை வீட்டுக்குள்ளேயே நன்றாகப் பழக்கியிருந்தோம். முதலில் பின்பக்கத் தோட்டம் மட்டும், நாங்கள் யாராவது கூட இருக்கும்போது, காலை நேரத்தில். கதவைத் திறந்தே வைத்திருந்தோம், பயந்தால் ஓடி ஒளிய அவற்றுக்கு வழி தெரிய வேண்டும். தூக்கிக்கொண்டு போய் நடுவில் விடாமல் அவையாகவே படி இறங்கட்டும் என்று விட்டோம். கருப்பி உடனே இறங்கி துளசி மாடத்தைச் சுற்றி வந்தாள். மணி பல நாள் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இரண்டும் உள்ளே வந்தாக வேண்டும். ராத்திரியில்தான் கடுவன்களும் தெருநாய்க் கூட்டமும் நடமாடும், வண்டிகளும் கண்மண் தெரியாமல் வரும். கழுத்துப்பட்டை, இழுத்தால் கழன்றுவிடும் வகை மட்டும். சாதாரணப் பட்டை முள்கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். பட்டையில் எங்கள் தொலைபேசி எண் இருக்கிறது.

பக்கத்து வீடுகளில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் கேட்டு வைத்தேன். எதிர்வீட்டு அக்கா, "வைக்கிறப்ப சொல்றேன்டி, அன்னைக்குப் பூட்டி வை" என்றார், சொல்லவும் செய்கிறார். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பூனைக்கும் சிக்கல்தான். இதற்கெல்லாம் தடுப்பூசி இல்லை. அதனால் மெயின் ரோட்டு ஓரத்தில் இருப்பவர்களிடமும் அடுக்குமாடியில் இருப்பவர்களிடமும் நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்வது இதுதான்: வெளியே விடவே வேண்டாம். பால்கனிக்கு மேலிருந்து கீழ்வரை வலை அடித்து, ஏற ஒரு பலகை போட்டுக் கொடுங்கள். ஊசி முழுசாகப் போட்ட பூனையையும் பைக் இடிக்கும்.

குட்டியாக இல்லாமல் வளர்ந்த பூனையை எடுத்தவர்களுக்குக் கணக்கு எளிது. பதினாறு வாரம் தாண்டிவிட்டால் தாய்க்காப்பு குறுக்கே வராது. இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில் இரண்டு டிரைகேட், ஒரு ரேபிஸ், பிறகு இரண்டு வாரம் பொறுமை. புது வீட்டை அது தன் இடமாக நினைக்க மூன்று நான்கு வாரம் எப்படியும் உள்ளே வைக்கத்தான் வேண்டும், அதுவும் இதற்குள் அடங்கிவிடும். வீட்டில் முன்பு ஒரு குட்டி பான்லுகோபீனியாவில் இறந்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. தங்கை அப்படித்தான், வீடு முழுக்க பிளீச் போட்டும் அடுத்த குட்டியை எடுக்கவில்லை. ஊசிகள் முடிந்த வளர்ந்த பூனை ஒன்றைத்தான் பிறகு தத்தெடுத்தாள்.

குட்டிகளுக்கு நினைவூட்டும் ஊசியை ஒரு வயதில் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். அதை ஆறு மாதத்திலேயே போடலாம் என்று இப்போதைய வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் மூன்றும் ஏதோ காரணத்தால் பிடிக்காமல் போயிருந்தால் குட்டி ஒரு வருடம் வரை காப்பில்லாமல் திரிய வேண்டாமே என்பதற்காக. நான் எங்கள் மருத்துவரிடம் கேட்டபோது அவரும் சரி என்றார், இரண்டுக்கும் ஆறரை மாதத்தில் போட்டுவிட்டோம். நீங்களும் அட்டையை எடுத்துப் பாருங்கள். கடைசி டிரைகேட் தேதியையும் குட்டி பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நடுவில் எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். பதினாறுக்குக் குறைவாக வந்தால், குட்டி இப்போது எத்தனை பெரிதாக வளர்ந்திருந்தாலும் இன்னொரு ஊசிக்கு மருத்துவரிடம் நாள் கேளுங்கள், அதுவரை கதவைச் சாத்தி வையுங்கள்.